காத்திருக்கும் காலமும் சிகிச்சைக் காலமே

எலும்பு முறிந்த ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தால், அறுவைச் சிகிச்சை நிபுணர் வரும்வரை எவரும் கைகட்டி நிற்பதில்லை. முறிந்த இடம் அசையாதபடி சிம்பு வைத்துக் கட்டுகின்றனர். இரத்தப் பெருக்கை நிறுத்துகின்றனர். நோயாளிக்குத் தைரியம் கூறுகின்றனர். இவற்றால் எலும்பு கூடிவிடுவதில்லை. எனினும், நிபுணர் பின்னர் செய்யவேண்டிய வேலை கெட்டுப்போகாமல் காப்பவை இவையே. முதலுதவி வகுப்பு நடத்திய ஆசிரியர் அனைவரும் இதை நன்கு அறிவர்.

மனம் நொந்து சிகிச்சை நாடி வருபவரின் நிலைமையோ வேறு. அவருடைய பெயரைப் பதிந்துகொண்டு, சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து ஒரு தேதியைக் குறித்து, சீட்டைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அத்தேதி வரையில் அவரோடு பேசுவதற்கென்று எவரும் இல்லை. அவர் உறங்கினாரா, உண்டாரா, வேலைக்குச் சென்றாரா என்று கேட்டறியும் பொறுப்பும் எவருக்கும் அளிக்கப்படுவதில்லை. குறித்த நாளில் அவர் வராவிட்டால், பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று எழுதப்படுகிறது. ஏன் வரவில்லை என்பதை எழுத அப்பதிவேட்டில் இடமில்லை.

இந்த இடைக்காலத்தையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ளவேண்டும். பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் குறித்த நாளில், குறித்த நேரத்தில், டெலிபோன் வாயிலாகச் சிறிது நேரம் பேசி வருவது அதிகச் செலவின்றிச் செய்யக்கூடிய காரியம். ஆனால், ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். அழைப்பு துன்பத்தில் இருப்பவரிடமிருந்து வரட்டும் என்று காத்திருப்பது ஒரு முறை. அழைப்பு அவரை நாடிச் செல்வது மற்றொரு முறை. இவ்விரண்டும் ஒன்றல்ல. இப்போது பெரிதும் குறைவாக உள்ளது இரண்டாவதே.

வரிசை நீள்வதன் காரணம்

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16-ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் நூற்றுக்கு 10.6 பேர் ஆய்வுக் காலத்தில் ஏதேனுமொரு மனக்கோளாறுடன் இருந்தனர் என்பது அதன் முடிவு. சிகிச்சை தேவைப்பட்டும் அதைப் பெறாதிருந்தோர், நோயின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 வரை இருந்தனர். மனநோய் மருத்துவர்களின் தொகையோ, இலட்சம் மக்களுக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை. பேச்சு மூலம் சிகிச்சை அளிக்கும் மருத்துவ உளவியல் நிபுணர்கள் இன்னும் அரியர்; அவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களிலேயே வசிக்கின்றனர்.

இக்குறையைப் போக்க அரசாங்கம் முயலாமல் இல்லை. 1982-ஆம் ஆண்டில் தேசிய மனநலத் திட்டம் தொடங்கப்பட்டது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் நடத்திய முன்னோடி வேலையின் அடிப்படையில், 1996-ஆம் ஆண்டில் மாவட்ட மனநலத் திட்டம் உருவாயிற்று. தொடக்கத்தில் 4 மாவட்டங்களில் இருந்த அத்திட்டம் இன்று 767 மாவட்டங்களுக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது. அரசாங்கம் நடத்தும் அல்லது அரசாங்க உதவி பெறும் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கிற்று.

ஆயினும், சட்டம் உரிமையை அளித்த நாளிலேயே நிபுணர்கள் தோன்றிவிடமாட்டார்கள். ஒரு மனநோய் மருத்துவரைப் பயிற்றுவிக்கப் பல ஆண்டுகள் ஆகும். விழிப்புணர்ச்சி வளர வளரச் சிகிச்சை நாடி வருவோரின் தொகையும் பெருகும். ஆகவே, வரிசை குறையுமுன் இன்னும் நீளும் என்பதையே எதிர்பார்க்கவேண்டும். அவ்வரிசையில் நிற்பவர்களுக்குச் செய்யவேண்டியது என்ன என்பதே இன்றைய கேள்வி.

காத்திருத்தலால் விளையும் தீங்கு

காத்திருப்பதால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்று எண்ணுவது இயல்பு. ஆராய்ச்சி அவ்வாறு கூறவில்லை. மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சையைப் பற்றிய சோதனைகள் பலவற்றை ஒருங்கே வைத்து ஆராய்ந்து, ஜப்பானிய மருத்துவர் புருகாவாவும் அவருடைய குழுவினரும் 2014-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டவர்கள், எந்தச் சிகிச்சையும் வாக்களிக்கப்படாதவர்களைவிடவும் குறைவாகவே குணமடைந்தனர் என்பது அதிலிருந்து தெரியவந்தது. காத்திருத்தலே தீங்கு பயக்கும் ஒரு நிலையாக இருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினர்.

இதன் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. ‘மருத்துவர் பார்த்த பின்னர் எல்லாம் சரியாகும்’ என்று நம்புகிறவர், அதுவரையில் தம்மால் இயன்ற சிறு முயற்சிகளையும் ஒத்திப்போடுகிறார். நடைப் பயிற்சியை நிறுத்துகிறார்; நண்பரைச் சந்திப்பதைத் தவிர்க்கிறார்; வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொள்கிறார். மனச்சோர்வு வளர்வதற்கு இதைவிட ஏற்ற நிலம் வேறில்லை. உதவி கேட்பதற்கே பெருமுயற்சி செய்து வந்தவருக்கு, ‘பிறகு வாருங்கள்’ என்ற விடை மறுப்பைப் போலவே தோன்றுவதும் உண்டு. அதன் பின்னர் அவர் மறுபடியும் கேட்கமாட்டார்.

இங்கு ஈடு வைக்கப்பட்டிருப்பது மனித உயிர். தேசியக் குற்றப் பதிவு நிறுவனத்தின் கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். இவர்களெல்லோரும் சிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள் என்று கூற முடியாது. ஆனால், உதவியின் வாயிலில் வந்து நின்றவர் எவரும் கவனிப்பின்றித் திரும்பலாகாது என்பதற்கு இவ்வெண்களே போதும்.

சிறு தொடர்பின் பெரும் பயன்

சில நிமிஷப் பேச்சால், அல்லது ஒரு கடிதத்தால், என்ன நேர்ந்துவிடப்போகிறது என்ற ஐயம் எழலாம். இவ்வையத்தைச் சோதனை செய்தே பார்த்துள்ளனர்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜெரோம் மோட்டோ என்ற மருத்துவர் நடத்திய ஆராய்ச்சி இவ்வகையில் முன்னோடியானது. மனச்சோர்வினாலோ தற்கொலை முயற்சியினாலோ ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்து, பின்னர் சிகிச்சையைத் தொடராத 843 பேரை அவர் இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் குறைந்தது நான்கு முறையாக ஐந்தாண்டுகளுக்குச் சிறு கடிதங்கள் அனுப்பப்பட்டன. அவற்றில் அறிவுரையோ கட்டளையோ இல்லை. நலம் விசாரிக்கும் சில வரிகளே இருந்தன. முதல் இரண்டாண்டுகளில், கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை மற்றப் பிரிவினரைவிடக் குறைவாயிருந்ததை 2001-ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை காட்டிற்று.

இந்திய ஊழியர்களுக்கு இன்னும் நெருக்கமானது, உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்தி 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியாகும். பிரேசில், சீனா, ஈரான், இலங்கை ஆகிய நாடுகளோடு இந்தியாவும் இதில் பங்கேற்றது. இந்தியாவில் ஆராய்ச்சி நடந்த இடம் சென்னை. தற்கொலைக்கு முயன்று அவசரச் சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கொண்டுவரப்பட்ட 1,867 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சை பெற்றனர். மற்றப் பிரிவினரோடு, அச்சிகிச்சைக்கு மேலாக, ஏறக்குறைய ஒரு மணி நேரம் தனியே பேசினர். பின்னர் 18 மாதங்களில் ஒன்பது முறை, டெலிபோன் மூலமோ நேரில் சென்றோ நலம் விசாரித்தனர். 18 மாத முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்திருந்தனர். தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 ஆக இருந்தது.

அந்த ஒன்பது தொடர்புகளின் கால ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களிலும், பின்னர் 4, 6, 12, 18-ஆம் மாதங்களிலும் அவை நிகழ்ந்தன. அபாயம் மிகுந்த தொடக்கத்தில் நெருக்கமாகவும், பின்னர் இடைவெளி விட்டும் அவை அமைந்தன. ஊழியர் தமக்கு ஒழிந்த நேரத்தில் விசாரிக்கவில்லை. நாட்காட்டி கூறிய நாளில் விசாரித்தார்.

சிறு பயிற்சி பெற்ற ஊழியரால் பேச்சுச் சிகிச்சையின் ஒரு பகுதியை அளிக்க இயலுமா என்பதைக் கோவாவில் நடந்த சோதனை விளக்கிற்று. 2017-ஆம் ஆண்டில் வெளியான அச்சோதனை, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு கொண்டவர்களிடையே நடத்தப்பட்டது. மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர் மக்களைத் தேர்ந்து பயிற்றுவித்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் பேசும்படி செய்தனர். மூன்று மாதத்தில் அவர்களிடம் உதவி பெற்றோரில் நூற்றுக்கு 64 பேர் நோய்க் குறிகள் நீங்கப் பெற்றனர். மற்றவர்களில் 39 பேரே அந்நிலையை எய்தினர்.

இவ்வாராய்ச்சிகளின் எல்லையையும் மறத்தலாகாது. முதலிரண்டும் ஆஸ்பத்திரியின் கவனிப்புக்கு ஏற்கெனவே வந்தவர்களைப் பற்றியவை. மூன்றாவது நேரிலேயே நடந்த பேச்சைப் பெரிதும் சார்ந்தது. காத்திருப்போர் அனைவருக்கும் டெலிபோன் பேச்சு இதே அளவு பயன் தரும் என்று இவற்றிலிருந்து முடிவு கட்டுவது முறையன்று. குறித்த நாளில் நாடிச் சென்று விசாரித்தல் வீணன்று என்பதும், பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் நிபுணரல்லாதவரும் உதவலாம் என்பதும் இவற்றால் நிறுவப்படுகின்றன. ஒரு மாவட்டத்தில் செய்து பார்ப்பதற்கு இவையே போதிய ஆதாரமாகும்.

இருக்கும் வசதியும் இல்லாத வசதியும்

2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி, உலக மனநல நாளன்று, டெலி-மானஸ் என்னும் தேசிய டெலிபோன் மனநலச் சேவை தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி இரவும் பகலும் அழைக்கலாம். எல்லா மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் சேர்ந்து 53 நிலையங்கள் இதற்கென அமைந்துள்ளன. 20 மொழிகளில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவையானால் நிபுணரோடு இணைத்துவிடுவார். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் 18 இலட்சத்துக்கு மேற்பட்ட அழைப்புகள் இச்சேவைக்கு வந்துவிட்டன. மக்கள் பேச விரும்புகின்றனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனினும், இச்சேவையில் முதல் அழைப்பைச் செய்யவேண்டியவர் துன்பத்தில் இருப்பவரே. மனச்சோர்வின் இயல்பு என்ன? எழுந்திருக்கும் விருப்பத்தையும், பேசும் விருப்பத்தையும், தாம் உதவிக்கு உரியவர் என்ற நம்பிக்கையையும் அது பறித்துக்கொள்கிறது. மிகவும் நலிந்தவரே மிகக் குறைவாக அழைப்பார். ஆகவே, எண்ணை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து காத்திருப்பவரின் விலாசமும் டெலிபோன் எண்ணும் அரசாங்கத்திடமே உள்ளன. அவரைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டியதில்லை, அழைத்தால் போதும்.

காசநோய் கற்பித்த பாடம்

படுக்கைக்குக் காத்திருப்போர் வரிசை இந்நாட்டுக்குப் புதிதன்று. 1950-களில் காசநோய் ஆஸ்பத்திரிகளில் இருந்த படுக்கைகள் நோயாளிகளின் தொகைக்குச் சிறிதும் போதவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம் ஆகியவை கூடி, 1956-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு நிலையம் அமைத்தன. ஒரு பிரிவினருக்கு ஆஸ்பத்திரியிலும், மற்றொரு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு சிகிச்சை அளித்துப் பார்த்தனர். நெருக்கமான குடியிருப்பில் போதிய உணவின்றி வாழ்ந்தவர்களும், மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், வீட்டிலிருந்தே ஏறக்குறைய ஆஸ்பத்திரியில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தனர் என்பதை 1959-ஆம் ஆண்டின் அறிக்கை உலகுக்கு அறிவித்தது.

இதில் இரு பாடங்கள் உள. சிகிச்சை என்பது கட்டடத்துள் மட்டுமே நிகழவேண்டியதில்லை என்பது ஒன்று. அதனினும் முக்கியமானது மற்றொன்று. வீட்டுச் சிகிச்சை பயன் தந்தது, நோயாளியை வீட்டுக்கு அனுப்பியதனால் அன்று. வீட்டுக்குச் சென்ற நோயாளியை விடாது கண்காணித்ததனால் ஆகும். சுகாதார ஊழியர்கள் வீடு தேடிச் சென்றனர். மருந்து மீதியை எண்ணிப் பார்த்தனர். வராதவரை மீண்டும் அழைத்து வந்தனர். அக்கண்காணிப்பு தளர்ந்த இடங்களில் மருந்து பாதியில் நின்றது, நோயும் திரும்பிற்று. மனநலத் துறையில் இன்று நிகழ்வது வீட்டுக்கு அனுப்புதல் மட்டுமே; பின்தொடர்தல் இன்னும் தொடங்கவில்லை.

பத்து நிமிஷத்தில் பேசவேண்டியவை

வாரம் ஒரு முறை, பத்து முதல் பதினைந்து நிமிஷம், நான்கு முதல் ஆறு அழைப்புகள் என்ற அளவே போதுமானது. பேச்சுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும்.

முதலாவதாக, பேசுவதற்கு ஏற்ற நேரமா என்று கேட்கவேண்டும். அருகில் பிறர் இருந்தால், வேறு நேரத்தைக் கேட்டறிந்து வைத்துவிடவேண்டும். டெலிபோனை எடுப்பவர் வேறொருவராயின், ‘சுகாதார நிலையத்திலிருந்து பேசுகிறோம்’ என்பதற்கு மேல் எதுவும் கூறலாகாது. 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி உடைய பெண்கள் நூற்றுக்கு 54 பேரே. ஏனையோரின் அழைப்பைக் கணவரோ மாமியாரோ மகனோ எடுக்கக்கூடும் என்பதை மனத்திற்கொள்வது அவசியம். கைபேசி இல்லாதவருக்கு நேரில் செல்லலாம். அல்லது உறையிலிட்ட கடிதம் எழுதலாம். யாரும் படிக்கக்கூடிய அஞ்சலட்டை இதற்கு ஏற்றதன்று.

இரண்டாவதாக, கேட்டல். ‘இந்த வாரம் எப்படிக் கழிந்தது?’ என்று வினவிவிட்டு, விடை முடியும்வரை பொறுத்திருக்கவேண்டும். ‘மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்’, ‘உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர்’ என்பன போன்ற சொற்கள் ஆறுதல் போலத் தோன்றினும், கேட்பவரின் வாயை அடைத்துவிடும்.

மூன்றாவதாக, அடுத்த அழைப்புக்குள் செய்யக்கூடிய ஒரே ஒரு சிறு செயலை அவரே தேர்ந்தெடுக்கும்படி செய்யவேண்டும். நோய்க்கு முன் அவருக்குப் பழக்கமாயிருந்த செயலே நல்லது. காலையில் மாட்டுக்குத் தீவனம் வைத்து வந்த பெண், இப்போது படுக்கையை விட்டு எழாதிருப்பதாகக் கொள்வோம். வீட்டு வேலை முழுவதையும் மீண்டும் ஏற்கும்படி அவரைத் தூண்டலாகாது. நாளை ஒரு நாள் தீவனம் வைப்பது என்று முடிவு செய்தால் போதும். மனம் தெளிந்த பின்னர் செயல் வரும் என்று காத்திராமல், செயலால் மனத்தைச் சிறிது தெளிவிப்பதே இம்முறையின் அடிப்படை. கோவாவில் கையாண்டதும் இதுவே.

நான்காவதாக, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பதை நேராகவே கேட்கவேண்டும். இவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆராய்ச்சியில் ஆதாரமில்லை. கேட்கும்போது பலருக்கு நெஞ்சின் பாரம் குறைகிறது. ‘உண்டு’ என்று விடை வந்தால், அது எப்போது, எவ்வாறு என்பதைக் கேட்டறிந்து, பூச்சிமருந்து போன்றவை எட்டாதபடி செய்ய நம்பகமான உறவினரின் உதவியை அவருடைய சம்மதத்தோடு நாடவேண்டும். உடனடி அபாயம் இருப்பின், அவர் இனிக் காத்திருப்பவர் அல்லர். அவரைத் தனியே விடாமல் 112 என்ற எண் மூலம் அவசர உதவியை வரவழைத்து, அன்றே மருத்துவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். போலீஸ் வழக்குக்கு அஞ்சி இதை மறைக்கவேண்டியதில்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. அவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் அளிக்கும் கடமையை அது அரசாங்கத்தின்மீது சுமத்துகிறது.

ஐந்தாவதாக, அடுத்து யார், எந்த நாளில், எந்த நேரத்தில் அழைப்பார் என்பதைக் கூறி முடிக்கவேண்டும். கூறிய நேரத்தில் அழைத்தே தீரவேண்டும். வாக்குத் தவறிய அழைப்பு, அழைக்காமலே இருப்பதைவிடக் கேடு பயக்கும்.

ஆசிரியரின் பங்கு

ஆசிரியர் சிகிச்சை அளிப்பவர் அல்லர். அவ்வாறு ஆகவும் வேண்டியதில்லை. ஆனால், மாணவனின் மாற்றத்தை முதலில் காண்பவர் பெரும்பாலும் அவரே. விளையாட்டை விட்டவன், வருகை குறைந்தவன், தேர்வுத் தாளை வெறுமையாகக் கொடுத்தவன் ஆகியோரைச் சோம்பேறி என்று முடிவு கட்டுமுன் தனியே அழைத்து விசாரிப்பது அவர் கடமை.

டெல்லியில் 6 அரசுப் பள்ளிகளில் 2018-ஆம் ஆண்டில் நடந்த ஒரு சோதனை இங்குக் கருதத்தக்கது. தத்தம் பிரச்சினையைப் பகுத்து ஆராய்ந்து தீர்வு காணும் முறையைச் சிறு நூல்கள் வாயிலாக மாணவர்களுக்குக் கற்பித்தனர். ஒரு பிரிவினருக்கு நூல்களோடு, சிறு பயிற்சி பெற்ற ஆலோசகர் நான்கைந்து முறை பேசியும் வந்தார். மாணவர்கள் தாமே முக்கியமெனக் கூறிய பிரச்சினைகள், ஆலோசகரோடு பேசிய பிரிவில் அதிகம் தணிந்தன. எனினும், ஆறு வார முடிவில் நோய்க் குறிகளைப் பொறுத்தவரையில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சிறு உதவியால் ஆவதும் ஆகாததும் இச்சோதனையில் ஒருங்கே தெரிகின்றன. பிரச்சினையைத் தாங்கும் ஆற்றல் வளரலாம். நோய்க்கு மருத்துவர் வேண்டும்.

மனநலச் சிகிச்சைக்குப் பெயர் பதிந்து காத்திருக்கும் மாணவனைப் பற்றி வகுப்பில் பேசலாகாது. ஆசிரியர் அறையிலும் அது பேச்சாகலாகாது. வாரந்தோறும் தனியே இரண்டொரு சொல் விசாரித்தல், வீட்டுப் பாடத்தின் சுமையைச் சிறிது குறைத்தல், மருத்துவரைக் காணவேண்டிய நாளில் தேர்வு வைக்காதிருத்தல் ஆகியவையே அவர் செய்யத்தக்க பேருதவி. வீட்டிலேயே குழந்தைக்குக் கொடுமை நேர்கிறது என்று அறிந்தால் 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.

எதிர்வாதங்கள்

ஊழியரின் சுமை ஏற்கெனவே அதிகம் என்பது முதல் வாதம். இது உண்மையே. ஆனால், கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. காத்திருப்பவர் 20 பேர் எனக் கொண்டால், வாரம் பத்து நிமிஷம் வீதம் 200 நிமிஷம், அதாவது மூன்று மணி இருபது நிமிஷம் ஆகும். குறிப்பு எழுதுதலையும் எடுக்கப்படாத அழைப்புகளையும் சேர்த்தால் வாரத்தில் ஒரு பகற்பொழுது தேவை. அப்பகற்பொழுதை வேறு வேலையிலிருந்து விடுவித்துத் தரவேண்டுமேயன்றி, இருக்கும் வேலையின் மேல் ஏற்றலாகாது. டெலிபோன் செலவையும் ஊழியர் தம் கையிலிருந்து கொடுக்கும்படி விடலாகாது. துன்பக் கதைகளை வாரந்தோறும் கேட்பவருக்கும் ஆதரவு தேவை. ஆகவே, பதினைந்து நாளுக்கொரு முறையேனும் மாவட்ட மனநலக் குழுவினர் அவரோடு பேசி வழிகாட்டுதல் வேண்டும். மேற்பார்வை இல்லாத ஊழியரை இவ்வேலையில் ஈடுபடுத்துவதைவிட இவ்வேலையைத் தொடங்காதிருப்பது நன்று.

இரண்டாவது வாதம் இதனினும் வலுவுடையது. டெலிபோன் பேச்சு நடைபெறுகிறதென்று காட்டி, நிபுணர்களை நியமிப்பதை அதிகாரிகள் தள்ளிப்போடக்கூடும். மலிவான உதவி, தக்க உதவியின் இடத்தைப் பிடித்துக்கொண்ட கதைகள் நிர்வாகத்தில் அரியவை அல்ல. இவ்வபாயத்தைத் தடுக்க மூன்று விதிகள் இன்றியமையாதவை. அழைப்புப் பெற்ற காரணத்தால் எவருடைய பெயரும் வரிசையில் பின்தள்ளப்படலாகாது. சிறிது தேறியவர் தாமே விரும்பி விலகினாலன்றி, அவர் பெயரை நீக்கலாகாது. மாதந்தோறும் அனுப்பும் அறிக்கையில், எத்தனை அழைப்புகள் செய்யப்பட்டன என்பதோடு, ஒவ்வொருவரும் எத்தனை நாள் காத்திருந்தார் என்பதும் எழுதப்படவேண்டும். அழைப்புகளின் தொகை உயர்ந்து, காத்திருக்கும் நாட்களும் உயருமாயின், திட்டம் தன் நோக்கத்திலிருந்து வழுவிவிட்டது என்று அறியலாம்.

செய்யத்தக்கது

பெருந்திட்டம் வரும்வரை பொறுத்திருக்கவேண்டியதில்லை. மாவட்டந்தோறும் மனநலப் பிரிவில் ஒரு காத்திருப்போர் பதிவேட்டைத் தொடங்குவதே முதற்படி. பெயர் பதிந்த நாள், சந்திப்பு நாள், அழைப்பதற்கு ஏற்ற நேரம், யார் முன்னிலையில் பேசலாகாது, அழைக்கும் ஊழியரின் பெயர், அழைத்த நாட்கள், சந்திப்புக்கு வந்தாரா, வராவிட்டால் காரணம் ஆகிய பத்திகள் அதில் இருத்தல் போதும். அப்பதிவேட்டைப் பூட்டி வைக்கவேண்டும். ஆறு மாதம் இவ்வாறு நடத்தி, குறித்த நாளில் வந்தோர் விகிதம் உயர்ந்ததா, அபாய நிலையில் இருந்தவர்கள் முன்கூட்டியே மருத்துவரை அடைந்தனரா என்று அண்டை மாவட்டத்தோடு ஒப்பிட்டால், இம்முறையின் மதிப்பு தெளிவாகும். பயன் இல்லையெனில் கைவிடலாம். அதுவும் ஓர் அறிவே.

நிபுணர்கள் போதிய அளவில் உருவாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் வாழ்ந்து துன்புறுகிறவர்கள் இன்றைய மனிதர்கள். அவர்களுடைய பெயர்கள் பதிவேடுகளில் உள்ளன. டெலிபோன் எண்களும் உள்ளன. சந்திப்புச் சீட்டில் தேதியோடு, அதற்கு முன் அழைக்கப்போகும் ஊழியரின் பெயரையும் அழைக்கும் நாளையும் எழுதிக் கொடுப்பதற்குப் புதுச் சட்டமோ புதுக் கட்டடமோ தேவையில்லை. அந்த இரண்டு வரிகளை எழுதுவதும், எழுதியபடி அழைப்பதுமே இன்று செய்யவேண்டிய வேலை.